விசில் மேஸ்திரியின் விடுமுறை ஒத்திகை

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒத்திகை பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் அலோன் தெருவில் இருந்தார்.

பெயர் என்று ஒன்று அவருக்கும் உண்டு. பாஸ்போர்ட் எடுக்கப் போன அன்றுதான் அது எங்களுக்கே தெரிந்தது. மறுநாள் மறந்துவிட்டோம். ரங்கூன் ஆற்றங்கரையில் எங்கள் துறைக்கு வரும் கப்பல்களில் மூட்டை இறக்கும் கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி. கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். ஒரு ஊது ஊதினால் தூக்கு. இரண்டு ஊதினால் இறக்கு. நீளமாக ஊதினால் டீ. வீட்டிலும் இதே சட்டம்தான். அவர் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் நீள விசிலுக்கு டீ வரும். கூடவே நாலு வார்த்தையும் வரும்.

மற்ற மேஸ்திரிகள் விசிலை ஊதிவிட்டு நிழலில் நிற்பார்கள். இவரால் அது முடியாது. ஊதிய மூச்சு அடங்குமுன் ஓடிப்போய்த் தானும் தோள் கொடுப்பார். ஒருவர் எதையாவது தூக்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பது அவர் உடம்புக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்கு அலமாரி வந்து இறங்கினால் அன்று அவர் துறைக்கு வரமாட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை குனிந்து தாம்பாளத்தை எடுக்கப் போக, இவர் பாய்ந்து தாம்பாளத்தையும் மாப்பிள்ளையையும் சேர்த்துத் தூக்கி மணையில் வைத்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு பிரான்ஸ் நாட்டிலிருந்து அழைப்பு வந்தது.

அவர் மகள் செல்வி ரங்கூனில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது அவளையும் அழைத்துப் போனார்கள். இப்போது அந்தக் குடும்பத்தின் பெரியம்மா ஒருவர், எல்லாரும் மதாம் என்று கூப்பிடுகிறவர், கிராமத்தில் வைத்திருக்கும் கல்வீட்டில் செல்விக்குச் சமையல் வேலை. சுற்றிலும் சூரியகாந்தி வயல். கோடையில் பட்டணத்து ஆட்கள் விடுமுறைக்கு அங்கே வந்து தங்குவார்கள். வந்து என்ன செய்வார்கள் என்றால், ஒன்றும் செய்யமாட்டார்கள். அதற்குத்தான் காசு கொடுத்து வருகிறார்களாம். இதை நம்புவதற்கே எங்கள் தெருவுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

மேஸ்திரி போனை எப்போதும் தெருவுக்கே கேட்கும்படி வைத்துத்தான் பேசுவார். அதனால் அன்று செல்வி பேசியது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அப்பா, மதாம் உங்கள வரச் சொல்லுது. ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க. டிக்கெட்டும் அதுவே எடுக்குது."

"வர்றேம்மா. என்ன வேலை?"

"வேலை இல்லப்பா. விருந்தாளி."

"சரி. விருந்தாளிக்கு என்ன வேலை?"

செல்வி சொன்னாள். "அப்பா, இத்தன வருஷமா நான் இங்க தட்டு எடுத்துக்கிட்டு நிக்கிறேன். நம்ம வீட்டு ஆளு ஒருத்தர் அந்த மேசைல உக்காந்து சாப்பிடணும். அத நான் பாக்கணும். நீங்க வந்து பொட்டியத் தூக்கி, வாளியத் தூக்கி நின்னீங்கன்னா, வேலைக்காரி அப்பனும் வேலைக்காரன்தான்னு ஆயிரும். ஒரு துரும்பத் தூக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

மேஸ்திரி சத்தியம் பண்ணினார். பண்ணிக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் குடித்து முடித்த டீக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.

திரும்பி வந்தபோதுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. கையைப் பார்த்தபடி நின்றார். "டேய், இது தானா தூக்குதுடா" என்றார். மகளின் மானம் தன் இரண்டு கையில் இருக்கிறது என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஒத்திகை தொடங்கியது.

அந்த வீட்டில் விருந்தாளிகள் என்னென்ன செய்கிறார்கள் என்று செல்வி சின்னச் சின்னப் படங்களாக எடுத்துப் போனில் அனுப்பினாள். மேஸ்திரி அதையெல்லாம் கப்பலில் வந்த சரக்கு மாதிரி ஒவ்வொன்றாக இறக்கினார். ஒத்திகைக்கு ஒரு மதாம் தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டார். நான் அவர் கூட்டத்தில் மூட்டை தூக்குகிறவன், பக்கத்து வீடு. நாலு பேர் நடுவே வாய் திறக்க வராதவன்.

"நானா, மேஸ்திரி? மீசை இருக்கே."

"மீசைய விடு. அந்தம்மா பேசினா எனக்குப் புரியாது. நீ பேசவே மாட்ட. ரெண்டும் ஒண்ணுதான். உக்காரு."

தலையில் துண்டைக் கட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் என்னை வாசலில் உட்கார வைத்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு மதாமாக இருந்தேன்.

அங்கே விருந்தாளிகள் காலையில் காரணம் இல்லாமல் நடப்பார்களாம். ஆகவே நாங்களும் நடந்தோம். ஆனால் இந்த ஊரில் காரணம் இல்லாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. எதிரே வருகிற ஒவ்வொருவரும் எங்கே போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். பர்மாவில் அதுதான் வணக்கம். கடைக்கு என்றாலோ கோயிலுக்கு என்றாலோ விட்டுவிடுவார்கள். மேஸ்திரி, "எங்கயும் இல்ல" என்றார். கேட்டவர் முகம் மாறியது. அடுத்தவரும் கேட்டார். "எங்கயும் இல்ல, சும்மா." நாங்கள் தெருவைச் சுற்றிவிட்டு வருவதற்குள், மேஸ்திரிக்குப் பெரிய வியாதி, டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று செய்தி பரவிவிட்டது. மீன்குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா விற்கிற கடைக்காரம்மா டாவ் மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தூக்கு நிறைய மொஹிங்கா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அதை வீணாக்க வேண்டாம் என்று சாப்பாட்டு ஒத்திகைக்கு வைத்துக்கொண்டோம். அங்கே மத்தியானச் சாப்பாடு சாயங்காலம் வரை நடக்குமாம். துறைக்காரர்கள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டு வரும்போதே காலியாக வருகிற மாதிரி இருக்கும். மேஸ்திரி தனக்குத் தானே விசில் ஊதிக்கொண்டார். ஒரு ஊதுக்கு ஒரு கரண்டி. இடையில் பேச்சு. "இன்னிக்கி வெயில் ஜாஸ்தி" என்பார். மதாம் தலையாட்ட வேண்டும். பிறகு ஒரு ஊது. பாதிக் கிண்ணம் வருவதற்குள் நூடுல்ஸெல்லாம் ஊறிப் பாயசம் மாதிரி ஆகிவிட்டது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பசியில்தான்.

வெயிலில் படுத்துக் கிடப்பதும் அங்கே ஒரு பொழுதுபோக்கு. அதற்கென்று எண்ணெய் பூசிக்கொள்கிறார்கள். மேஸ்திரி, பர்மாக்காரர்கள் முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டையை அரைத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, உச்சி வெயிலில் வாசலில் பாய் விரித்துக் கண்ணை மூடிப் படுத்தார். நான் பக்கத்தில் தலையில் துண்டோடு குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஏற்கெனவே வியாதி என்று ஊர் நம்பிவிட்டது. வெள்ளை பூசி அசையாமல் கிடக்கிற ஆளையும், தலையில் துணியோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிற என்னையும் பார்த்த யாரோ பிணம் எடுத்துப் போகும் இலவச வண்டிக்குப் போன் பண்ணிவிட்டார்கள். வண்டி வந்தது. நாலு பேர் இறங்கி வந்து கால் பக்கம் இரண்டு பேர், தலைப் பக்கம் இரண்டு பேர் நின்று, "ஒண்ணு, ரெண்டு" என்றார்கள்.

மேஸ்திரி கண்ணைத் திறக்காமலே, "முதுக வளைக்காத, முட்டிய மடக்கித் தூக்கு" என்றார்.

நாலு பேரும் ஓடி, தெருமுனையில்தான் நின்றார்கள். சமாதானம் சொல்லி அழைத்து வந்தோம். திரும்பும்போது வண்டி கிளம்பவில்லை. தனாக்காப் பூச்சோடு அதைத் தள்ளிக்கொண்டு போனது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் அவர் சோர்ந்துவிட்டார். "எனக்கு லீவு வரமாட்டேங்குதுடா. அந்தப் புள்ள முகத்துல கரியப் பூசப் போறேன்." தெருவில் பழகினால் சரிவராது, கிராமத்து வீடுதான் வேண்டும் என்று முடிவு செய்தார். எங்கள் கூட்டத்தில் ஒருவனுடைய மாமனார் வீடு த்வாண்டே கால்வாய் ஓரத்தில் இருந்தது. மாமரம், வயல் எல்லாம் உண்டு. சூரியகாந்திதான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். மாமரத்தடியில் இரண்டு நாற்காலி. ஒன்றில் விருந்தாளி, ஒன்றில் மதாம். காற்று நன்றாக வந்தது. மேஸ்திரி கொட்டாவி கூட விட்டார். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அப்போது பார்த்து ஒரு படகு வந்து கட்டியது.

த்வாண்டே பானைக்குப் பேர்போன ஊர். சூளைக்காரரும் படகுக்காரரும் இரண்டே பேராகத் தண்ணீர்ப் பானைகளை ஏற்றத் தொடங்கினார்கள். மேஸ்திரியின் தோள் ஆடியது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு பானை கை நழுவப் பார்த்தது. மேஸ்திரி எழுந்தார். நாற்காலியைப் பிடித்த கை விடவில்லை. ஆகவே நாற்காலியும் அவரோடு எழுந்தது. அப்படியே நாலு எட்டு வைத்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. "உக்காருங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க, மேஸ்திரி. நான் தூக்குறேன்."

அவர் உட்கார்ந்தார். நான் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு போய்ப் பானையைத் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் விசில் கேட்டது. ஒரு ஊது, தூக்கினேன். இரண்டு ஊது, இறக்கினேன். படகு நிறைந்தது. ஒரு பானைகூட உடையவில்லை. மேஸ்திரி நாற்காலியை விட்டு எழவில்லை. படகுக்காரரிடம் அவர் பெருமையாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "நம்ம மதாம் நல்லாத் தூக்கும்."

ஒத்திகை முடிந்தது. மேஸ்திரி பிரான்சுக்குப் போனார். விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கும் பொறுப்பையும் என்னிடமே விட்டார்.

அந்த ஒரு மாதம் எங்கள் தெரு எப்படி இருந்தது என்று எழுதினால் நீளும். டீ நேரம் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான்.

திரும்பி வந்தவரைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். காரணமில்லாமல் நடந்தாராம். சாயங்காலம் வரை சாப்பிட்டாராம். இரும்புக் குண்டு உருட்டி விளையாடினாராம். எதையும் தூக்கவில்லையாம். பக்கத்தில் யாராவது தூக்கினால் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் பானையை எண்ணினாராம்.

"கடேசி வாரத்துல ஒரு லாரி வந்துச்சு. குளிருக்கு எரிக்கிற கட்டை. மலை மாதிரி முத்தத்துல கொட்டிட்டுப் போயிட்டான். செல்வி கூடையத் தூக்கிக்கிட்டு ஓடுது. என் புள்ள ஒருத்தியாத் தூக்கப் போகுது, நான் மரத்தடில உக்காந்திருக்கேன். எப்படி இருக்கும் எனக்கு?"

"தூக்கிட்டீங்களா?" என்றார் டாவ் மியா, பர்மியப் பாஷையில்.

"சத்தியம் பண்ணியிருக்கேனே. நாற்காலிய இறுக்கிப் புடிச்சேன். அப்பத்தான் மதாம் கண்ணுல பட்டுச்சு." மேஸ்திரி என்னைக் கையால் காட்டினார். "மதாம்னா தூக்கும்னு எனக்குத்தான் தெரியுமே."

நான் குறுக்கே கேட்டேன். "என்ன பண்ணீங்க?"

"விசில ஊதினேன். கட்டையக் காட்டினேன். மதாமக் காட்டினேன்."

"ஐயோ, மேஸ்திரி."

"அது என்னயப் பாத்துச்சு. கட்டையப் பாத்துச்சு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே ஒண்ணத் தூக்கிருச்சுடா. அதப் பாத்து மத்த விருந்தாளிங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க. ஒருத்தர் பெரிய பல் டாக்டராம். வரிசையா நிக்க வெச்சு, கைக்குக் கை மாத்த வெச்சேன். ஒரு ஊது, ரெண்டு ஊது. குழந்த மாதிரி சிரிக்கிறாங்க. செல்வி வெலவெலத்துப் போயி ஓடி வந்துச்சு, அப்பா என்ன பண்றீங்கன்னு. நான் எதயும் தூக்கலயே, நீயும் தூக்காத, உக்காருன்னேன். பக்கத்து நாற்காலில உக்கார வெச்சுட்டேன்."

மேஸ்திரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு தொடர்ந்தார்.

"மதாம் வேர்க்க விறுவிறுக்க வந்துச்சு. உள்ள போயி ஒரு கிளாஸ் சர்பத் கொண்டாந்து செல்வி கைல குடுத்துட்டு, திரும்ப வரிசைல போயி நின்னுக்கிச்சு."

"செல்வி குடிச்சுதா?" என்று நான் கேட்டேன்.

"உக்காந்து குடிச்சுது. முழுசும்."

இப்போது அந்த வீட்டுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் கட்டை லாரி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்களாம். அங்கே செய்ய வேண்டிய காரியங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. விசில் ஊதுவது செல்வி. மேஸ்திரி தன் விசிலை அவள் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறார்.

எனக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால், பெரிய விளிம்பு வைத்த வைக்கோல் தொப்பி, நீல ரிப்பனோடு. "நீ எனக்கு மதாமா இருந்தத செல்வி மதாம்கிட்ட சொல்லிருச்சு. அந்த மதாம் இந்த மதாமுக்குக் குடுத்தது" என்றார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. நான் வழக்கம்போல் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி இப்போது துறை வேலையை விட்டுவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில், தனிக்குடித்தனம் போன தன் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து, என் வீட்டு வாசல் நாற்காலியில் அரைநாள் எதுவும் தூக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். கழுத்தில் விசில் இல்லை. ஆனாலும் நேரத்துக்கு டீ போய்விடுகிறது. தொப்பியைப் போட்டுக்கொண்டு நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.