ஆறுதல் ஓடச் சொன்னான்

அவசரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல் பிறந்து, வளர்ந்து, அது தெரியாமலேயே ஜெர்மன் ராணுவத்திலும் சேர்ந்துவிட்ட ஒரே மனிதன் ஆறுதல்தான். இன்னொருத்தன் இருந்தால் காட்டுங்கள், நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

ஆறுதல் என்பது நான் வைத்த பெயர். முகாமில் சேர்ந்த முதல் நாள் மதியம், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல உருளைக்கிழங்கை விழுங்கிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நெட்டை ஆசாமி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆறுதலா சாப்பிடுங்கோ" என்றான். ஜெர்மன் முகாமில் தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷம் எனக்கு ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. எங்கள் மதுரைப் பக்கம் ஆறுதல் என்றால் சாவு வீட்டில் சொல்வது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை. மெதுவா சாப்பிடச் சொன்னனான்."

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பான் நகரத்தில் பிறந்தவன் அவன். நான் பதினான்கு வயதில் அப்பாவின் வேலையோடு ஆஹென் நகரத்துக்கு வந்து, பாஸ்போர்ட் மாறிய கையோடு ராணுவத்தின் விருப்பச் சேவைக்குப் பெயர் கொடுத்தவன். இரண்டு பேரும் கேட்டது ராணுவப் போலீஸின் மோட்டார் சைக்கிள் பிரிவு. இரண்டு பேருக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இப்படி ஆற அமர இருப்பவன் ராணுவத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறான் என்பதே எனக்கு ஆராய்ச்சியாகிவிட்டது. பூட்ஸ் கயிற்றை அவன் பூமாலை தொடுப்பதுபோல் கட்டுவான். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றையும் போட்டபின் அது சரியாக இருக்கிறதா என்று விசாரிப்பான். ஆனால் அணிவகுப்புக்கு அவன் ஒருநாளும் பிந்தியதில்லை. எங்கள் பயிற்சி சார்ஜென்ட் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார், திட்ட ஒரு சந்தர்ப்பம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு வாரம் வேவு பார்த்து ரகசியத்தை நான் கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்பே அவன் எழுந்துவிடுகிறான்.

"அவசரப்படாம இருக்கோணுமெண்டா முதலே எழும்போணும் மச்சான்" என்றான். "உனக்கு நித்திரை பெரிசு. அதுதான் பதகளிக்கிறாய்."

மோட்டார் சைக்கிள் பயிற்சி ஆரம்பித்த அன்று நாங்கள் எல்லோரும் பாய்ந்து ஏறி உட்கார்ந்தோம். ஆறுதல் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் மாடு பார்க்க வந்தவர் போல வண்டியை மூன்று சுற்று சுற்றினான். பிறகு சார்ஜென்டிடம் போய், ஸ்டாண்ட் ஏன் இடது பக்கம் இருக்கிறது, அதை வலது பக்கம் வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டான். இருபது வருஷமாக வண்டி சொல்லிக்கொடுப்பவர், குனிந்து ஸ்டாண்டை முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். நாலாம் நாள் அவரே தேடி வந்து பதில் சொன்னார். ராத்தூக்கமே போய்விட்டதாம்.

என் சங்கதி வேறு. வேகமாகப் போகச் சொன்னால் போவேன். மெதுவாகப் போகச் சொன்னால் விழுவேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஜெர்மன் நன்றாகவே புரியும். வண்டியில் ஏறிவிட்டால், ஹெல்மெட்டுக்குள் சார்ஜென்ட் சொல்வது ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறும். ஐந்தாவது முறை நான் விழுந்ததும் அவர் மைக்கை ஆறுதல் கையில் கொடுத்துவிட்டார். "உங்கள் மொழியிலேயே சொல்லித் தொலை. அதுவாவது புரிகிறதா பார்ப்போம்."

காதுக்குள் அவன் குரல் வந்தது. "மச்சான், பயப்பிடாதை. கிளச்சை ஆறுதலா விடு." விட்டேன். வண்டி நகர்ந்தது. "ஓம், அப்பிடித்தான். இப்ப ஓடு."

எனக்குத் திக்கென்றது. பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டுறாய்? ஓடு மச்சான், ஓடு."

பெட்ரோல் ஒழுகுகிறது, தீப்பிடிக்கப் போகிறது என்றே முடிவு செய்துவிட்டேன். வண்டியை அப்படியே விட்டுவிட்டு மைதானத்துக்குக் குறுக்கே தலைதெறிக்க ஓடினேன். வண்டி புல்லில் சாய்ந்து படுத்துக்கொண்டது. குரல் மட்டும் என் காதுக்குள்ளேயே கூட வந்தது. "டேய், எங்க ஓடுறாய்? உன்னை ஓடு எண்டெல்லோ சொன்னனான்."

யாழ்ப்பாணத்தில் வண்டியை ஓட்டுவதில்லை, ஓடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்ன நடந்தது என்று சார்ஜென்ட் கேட்க, ஆறுதல் ஜெர்மனில் பொறுமையாக விளக்கினான். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "இரண்டு பேரும் ஒரே மொழிதானே?"

"ஒரே மொழிதான்" என்றான் ஆறுதல். "நடுவில் கொஞ்சம் கடல் இருக்கிறது."

அந்த வாரக் கடைசிக்குள் சார்ஜென்டே ஜெர்மன் பையன்களைப் பார்த்து "ஆறுதலா, ஆறுதலா" என்று கத்த ஆரம்பித்திருந்தார்.

சாலைப் பயிற்சியில் ஆறுதலை ஒரு டிராக்டர் முந்தியது. முந்திய விவசாயி கவலையோடு நிறுத்தி, வண்டியில் ஏதாவது கோளாறா என்று விசாரித்தார். "இவன் தேர்வில் தோற்கமாட்டான்" என்றார் சார்ஜென்ட். "போய்ச் சேர நாளாகும், அவ்வளவுதான்."

தோற்றது நான்தான். நடக்கும் வேகத்தில், இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே, கால் தரையில் படாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். நான் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டேன். தேர்வு அதிகாரி, "உங்களை யார் துரத்துகிறார்கள்?" என்று கேட்டார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, அதிலும் கோட்டை விட்டால் துணிக் கிடங்கு வேலை என்று சொல்லிவிட்டார்கள். போனில் அப்பா, "மிலிட்டரிக்குப் போய் சாக்ஸ் மடிக்கத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. நானாக, யாரையும் கேட்காமல் விரும்பிய முதல் காரியம் அந்த மோட்டார் சைக்கிள் பிரிவு.

மறுதேர்வு நாள் வந்தது. மைதானத் தேர்வில் அப்போதே தேறிவிட்ட ஆறுதலுக்கும் அன்றுதான் சாலைத் தேர்வு. முகாமின் அந்தக் கோடி வாசலில், என் தேர்வு தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அவன் நிற்க வேண்டும். கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். மைக் தேர்வு அதிகாரியிடம் இருந்தது. ஒத்தாசைக்கு ஆளில்லை.

அப்போது மைதான வேலிக்கு அந்தப்புறம், நடைபாதையில் ஆறுதல் வந்தான். முழு உடுப்பு, கக்கத்தில் ஹெல்மெட். என்னைப் பார்க்கவில்லை, சைகை காட்டவில்லை. என் வண்டிக்கு நேராக வந்ததும் நின்று, புதிதாக நடக்க ஆரம்பித்தான். குதிகாலை வைத்து, பாதத்தை வைத்து, அடுத்த காலைப் பற்றி யோசித்து, பிறகு அதையும் எடுத்து வைத்தான். நான் கிளச்சை விட்டேன். அவன் ஓர் அடி வைத்தால் நானும் ஓர் அடி நகர்ந்தேன். கோடு முடியும்வரை என் கால் தரையைத் தொடவில்லை.

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்கே, இன்னொரு முறை?" என்றார். நான் திரும்பினேன். வேலிக்கு அந்தப்புறம் அவனும் திரும்பினான்.

நான் தேறினேன். அவன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய தேர்வு அதிகாரி கிளம்பிவிட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பிந்தியதற்கு அவனுக்கு மூன்று வாரம் தள்ளி வேறு தேதி கொடுத்தார்கள்.

"லூசாடா நீ? ரெண்டாவது தடவையாவது கொஞ்சம் ஃபாஸ்ட்டா நடந்து போயிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"கெதியா நடந்திருக்கலாம்தான்" என்றான் கையுறையைக் கழற்றியபடி, ஒவ்வொரு விரலாக. "அப்ப நீயும் கெதியா வந்திருப்பாய்."

எனக்காக அலைந்தவர்கள் உண்டு, எனக்காக ஊரைக் கூட்டிச் சண்டை போட்டவர்களும் உண்டு. எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன், இவனுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு முன்னும் சரி, பின்னும் சரி, எனக்காக யாரும் அவ்வளவு மெதுவாக நடந்ததில்லை.