ஆறு மணிக்கு மேல் முனியப்பன்

மதுவிலக்கு தளர்ந்து சாராயக் கடைகள் திறந்த மறு வருஷம், குடும்பங்களின் நிம்மதியைக் கருத்திற்கொண்டு மண்ணரைப் பக்கத்துக்கு ஓர் ஆணை பிறந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் எவரும் சாராயத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. கடையிலேயே அருந்தத் தடையேதும் இல்லை. 'அருந்தியவர் அதை வயிற்றில் எடுத்துச் செல்வது, எடுத்துச் செல்வதாகக் கருதப்படமாட்டாது' என்று அடியில் ஒரு விளக்கமும் இருந்தது. அந்த விளக்கம் இல்லாவிட்டால் மண்ணரை ஆம்பிளைகளில் பாதிப் பேர் ஊடு திரும்பியிருக்க முடியாது.

இப்பேர்ப்பட்ட சட்டத்தில் மாட்டிக்கொண்டவன் ஒரே ஒருத்தன். அவன் குடிக்காதவன்.

அங்கமுத்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். டீயைக்கூட அரை டம்ளரில் நிறுத்திக்கொள்கிற ஆள். மகனுக்கு விஷக் காய்ச்சல் கண்டபோது, 'பொழைக்க வெச்சா ஒரு பாட்டில் சாராயமும் சுருட்டும் வெக்கறேன்' என்று காட்டு முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டான். பையன் பிழைத்து, பக்கத்து ஊட்டுக் கோழியைக் கல்லால் அடிக்கிற அளவுக்குத் தேறியும் விட்டான். பாட்டில்தான் போய்ச் சேரவில்லை.

முனியப்பன் லேசுப்பட்ட சாமி அல்ல. அமாவாசையன்று, நேர்ந்தவனே தன் கையால் வாங்கி, விளக்கு வைத்த பிற்பாடு படைக்க வேண்டும். முந்தின நாள் வாங்கி வைத்த பாட்டில் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கம்பெனியிலோ கல்கத்தா ஆர்டர். காலையில் கடை திறக்குமுன் உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து, ஆறு மணியெல்லாம் எப்போதோ தாண்டிய பிறகுதான் வெளியே விடுவார்கள். இப்படியே அமாவாசைகள் தவறிப்போக, அவன் பெண்சாதி மருதாள் பையனைத் தூக்கிக்கொண்டு சாமளாபுரத்துத் தாய் ஊட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"சாமிக்குச் சொன்னதைச் செய்யாம என்ற புள்ளைய இந்த ஊட்டுல படுக்க வெக்கமாட்டனுங்க. படைச்சுப்போட்டு ஆளனுப்புங்க, வாறேன்."

அடுத்த அமாவாசைக்கு ஷிப்ட் முடிந்ததும் அங்கமுத்து சாராயக் கடைக்கு ஓடினான். கடைக்காரர் அப்புசாமி டம்ளரை எடுத்தார்.

"டம்ளர் வேண்டாமுங்க. பாட்டிலாக் குடுங்க."

"இங்கயே குடிக்கிறீங்கதானே மாஸ்டர்?"

"நான் குடிக்கறதில்லீங்களே."

"அப்ப உங்களுக்குச் சட்டத்துல எடமே இல்லீங்க. குடிக்கறவருக்கு எத்தனை வேணும்னாலும் ஊத்தலாம். குடிக்காதவரு கையில பாட்டிலைக் குடுத்தா என்ற லைசென்ஸ் போயிருமுங்க. வேணும்னா ஆபீசரையே கேட்டுக்கங்க."

ஆபீசர் ஞானசம்பந்தம் உள்ளே பெஞ்சில்தான் இருந்தார். ஆணை ஒழுங்காக நடக்கிறதா என்று தினமும் சாயங்காலம் வந்து கண்காணிப்பார். அவர் எதிரே ஒரு டம்ளரும் கண்காணிப்பில் இருந்தது. காதை மூடிய கிருதா, தெருவைக் கூட்டும் பெல்பாட்டம். அவர் நடந்து போன பிறகு அந்தத் தெருவில் துடைப்பத்துக்கு வேலை இருக்காது.

"ஏனுங்க சார், இது ஊட்டுக்குப் போற சரக்கில்லீங்க. முனியப்பனுக்குப் போகுது."

"மேற்படி முனியப்பன் எங்கே வசிக்கிறார்?"

"காட்டுலீங்க. வேப்பமரத்தடியில."

"நிரந்தரமாகவா?"

"எங்க பாட்டன் காலத்துலிருந்து நகந்ததே இல்லீங்க."

"அப்படியானால் அது அவருடைய வீடு. ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது."

"சாமி குடிக்கறதுக்கே தடைங்களா?"

ஞானசம்பந்தம் வருத்தப்பட்டார். "அரசாங்கத்துக்குச் சாமி, ஆசாமி என்ற பாகுபாடு கிடையாது. அவர் நேரில் வந்து இங்கேயே அருந்தட்டும். யார் வேண்டாமென்றது?"

கோடு போட்டுக் கொடுத்தால் அந்தக் கோட்டிலேயே வெட்டிப் பழகியவன் அங்கமுத்து. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போய்ப் பிடிமண் எடுத்தான். சாமி இருக்கும் இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து வேறிடத்தில் வைத்தால் சாமியும் கூடவே வந்துவிடும்; ஊர் விட்டு ஊர் போனவர்கள் குலதெய்வத்தை அப்படித்தான் கொண்டுபோனார்கள். சாராயக் கடை முற்றத்தில் கல் நட்டு, மண்ணை வைத்துச் சாமியை இருத்தினான். ஒரு வாடிக்கையாளர் கூடினதில் அப்புசாமிக்குச் சந்தோஷம்.

மறு அமாவாசைக்கு, சேதி கேட்டு மருதாளும் வந்தாள். விளக்கு, சுருட்டு, பாட்டில் எல்லாம் முறைப்படி. படைத்து முடித்ததும் அங்கமுத்து பாட்டிலைக் கையில் எடுத்தான். ஞானசம்பந்தம் தொண்டையைச் செருமினார்.

"பிரசாதம் ஆயினும் சாராயம் சாராயமே. வெளியே போகக் கூடாது."

"அப்படீன்னா கீழ ஊத்திப்போடறனுங்க."

"சாமி பிரசாதத்தைக் கீழ ஊத்துவீங்களா?" என்றாள் மருதாள். "நேர்ந்த ஊட்டு ஆம்பளைதான் எடுத்துக்கோணும். புள்ளை நல்லா இருக்கறது புடிக்கலீங்களா?"

ஒருபக்கம் சர்க்கார், ஒருபக்கம் சாமி, நடுவில் பெண்சாதி. முதல் டம்ளரைச் சட்டத்துக்காகக் குடித்தான். அடுத்ததைச் சாமிக்காக. அதற்கடுத்தது யாருக்காக என்று யோசிக்கிற நிதானம் அவனிடம் இல்லை. அன்றிரவு அவன் முற்றிலும் சட்டபூர்வமாக, மருதாள் தோளில் சாய்ந்து ஊடு சேர்ந்தான்.

சேதி கம்பெனிக்குக் கம்பெனி பரவியது. போனஸுக்கு ஒருத்தன் நேர்ந்தான், தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னொருத்தன். முனியப்பனுக்கு அமாவாசையெல்லாம் போய், தினப்படி பூசை என்றாயிற்று. பிடிமண் எடுத்து வைத்தவனுக்கே முதல் பிரசாதம் என்பது வழக்கம். வழக்கத்தை மீற அங்கமுத்துவுக்கு மனசு வரவில்லை. நாளாக ஆக, வழக்கத்தின் மேல் அவனுக்குப் பிரியமே வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு சொட்டுச் சாராயம்கூடப் போவதில்லை என்று ஞானசம்பந்தம் மேலிடத்துக்கு எழுதி, பாராட்டும் வாங்கினார்.

ஒரு சாயங்காலம் அவர் பெஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், வாசலில் பொம்பளைகள் வரிசை. மண்ணரையே திரண்டு நின்றது. முன்னால் மருதாள்.

"தாய்மார்கள் இங்கே வரலாமா அம்மா?"

"இவரு குடியை விட்டா முனியப்பனுக்கு ரெண்டு பாட்டில்னு நேர்ந்திருக்கனுங்க. பின்னால நிக்கறவங்களுக்கும் அதே வேண்டுதல்தான். சாமி சட்டுனு மனசு வெக்கட்டும்னு, ஒண்ணை முன்னாலயே படைக்க வந்தோமுங்க."

"நல்லது. ஆனால் பிரசாதத்தை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதே?"

"எடுத்துட்டுப் போவனுங்களா?" என்றாள் மருதாள். "சட்டம் தெரியாதுங்களா எங்களுக்கு? அதான் குடிக்கறதுக்கு இவரையும் கையோட கூட்டியாந்திருக்கறனுங்க."