பதினேழாம் உறுப்பு

குருத் என்ற உப்புத் தயிர் உருண்டையை உருட்டும் இயந்திரம் ஒன்று ஆளைக் கொல்லுமா கொல்லாதா என்பதை, அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமலேயே தீர்மானித்துவிடும் அபார ஆற்றல் படைத்த அலுவலகம் ஒன்று தொக்மோக் நகரில் இருந்தது. அதன் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருக்கும் தேநீர் ஆறிவிடும் என்பதால் ஊரார் அதை முத்திரையகம் என்றார்கள்.

அப்பேர்ப்பட்ட இடத்திலிருந்து பரிசோதகர் சொவெத்பெக் உசோனொவிச் நேரிலேயே புறப்பட்டு வந்தது ஜோல்தோஷ்பெக்கின் ஆலைக்குக் கிடைத்த பெரும் மரியாதை. வாசலிலேயே ரொட்டியும் வெண்ணெயும் வைத்து வரவேற்றார்கள்.

புளித்த தயிரை வடித்து, உப்பிட்டு, பதினெட்டு வருடமாக உள்ளங்கையில் குருத் உருண்டை பிடித்தவள் பெர்மெத். இப்போது அந்த வேலையை மோட்டார் செய்யும். அவள் பக்கத்தில் நின்று, ஏதாவது ஏடாகூடம் நடந்தால் சிவப்பு பட்டனை அமுக்க வேண்டும். முத்திரை வாங்காத இயந்திரம் உருட்டிய குருத் எல்லை தாண்டி அல்மாட்டி நகரச் சந்தைக்குப் போக முடியாது. போகாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. பெர்மெத்தும் இன்னும் பத்துப் பெண்களும் வீட்டுக்கு.

சொவெத்பெக் உசோனொவிச் கன்ட்ரோல் பேனலின் கதவைத் திறந்தார். உள்ளே பதினாறு உறுப்புகள். பதினாறின் முதுகிலும் முத்திரை. அவர் முகம் வாடியது. சிவப்பு பட்டனை அமுக்கினார். இயந்திரம் நின்றது.

"நின்னுடுச்சே," என்றார் ஏமாற்றத்தோடு.

"நிக்கத்தானேய்யா வச்சிருக்கு," என்றான் ஜோல்தோஷ்பெக்.

"சரி, இப்ப நான் அமுக்கினேன். நான் போனப்புறம் யார் அமுக்குவாங்க?"

"நான்தாங்க," என்றாள் பெர்மெத்.

"முத்திரை எங்க?"

"எதுலங்க?"

"உங்க மேல."

அவர் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, நிமிர்ந்து நின்று வாசித்தார். "அவசர நிறுத்தச் சுற்றில் பங்குபெறும் ஒவ்வோர் உறுப்பும் உரிய பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டு முத்திரை பெற்றிருத்தல் வேண்டும்." புத்தகத்தை மூடினார். "பட்டன் தன்னைத்தானே அமுக்கிக்குமா? அமுக்காது. அப்ப இந்தம்மாதான் பதினேழாம் உறுப்பு."

"ஐயா, அவங்க மனுஷிங்க!"

"விதியில அப்படி ஒரு வகை கிடையாது, ஜோல்தோஷ்பெக். அமுக்கும் உறுப்பு, அமுக்கப்படும் உறுப்பு. ரெண்டே வகைதான்."

பெர்மெத்துக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "என்னைப் பரிசோதிக்கிறது இருக்கட்டுங்க. அதோ பாருங்க, அந்தச் சங்கிலி மூடி இல்லாம சுத்துது. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் யாரையாவது இழுத்துப் போட்டுடும். அதை எழுதிக்குங்க."

அவர் சங்கிலியைக் கனிவோடு பார்த்தார். "இல்லாத மூடியை நான் எப்படிம்மா பரிசோதிக்கிறது? எந்த இடத்துல முத்திரை ஒட்டுறது?"

"அப்ப ஒரு மூடி மாட்டிடலாமே?"

"தாராளமா மாட்டலாம். மாட்டினா இது வேற இயந்திரம் ஆயிடும். வேற இயந்திரத்துக்குப் புது விண்ணப்பம். எட்டு மாசம்."

ஜோல்தோஷ்பெக் பெர்மெத்தின் காதோரம் குனிந்தான். "அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். பேசாம போய் உறுப்பா ஆயிட்டு வந்துடுங்க."

போனாள். முத்திரையகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உற்பத்தியான ஆண்டு என்ற இடத்தில் பிறந்த வருடத்தை எழுதினாள். எடை என்ற இடத்தில் பொய் எழுதினாள்; தராசில் ஏற்றித் திருத்தினார்கள். உற்பத்தியாளரின் உறுதிமொழி வேண்டும் என்றபோது, கெமின் ஊர்ப்பக்கத்திலிருந்து அவள் அம்மாவை வண்டி வைத்துக் கூட்டிவர வேண்டியதாயிற்று.

"இந்தப் பொருள் குறைபாடின்றி உற்பத்தி செய்யப்பட்டதுன்னு உறுதி சொல்றீங்களா?" என்று கேட்டார் சொவெத்பெக் உசோனொவிச்.

"நான் உருப்படியாத்தான் பெத்தேன்," என்றாள் அம்மா. "வாய் மட்டும் அவ அப்பன் கொடுத்தது. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வாய், பட்டன் அமுக்கும் பணியில் பங்குபெறவில்லை என்று ஒரு குறிப்பு எழுதி அது விலக்கப்பட்டது.

பிறகு பரிசோதனை. நான்கு திசையிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி, உள்ளே இறங்குகிறதா என்று பார்த்தார்கள். தும்மினாள், அது சகிக்கத்தக்க அளவு என்று பதிவாயிற்று. சூடான அறையில் அரைநாள் உட்கார வைத்தார்கள். பதினெட்டு வருடம் பால் காய்ச்சிய பெண்ணுக்கு அது ஓய்வாக இருந்தது, நன்றாகத் தூங்கிவிட்டாள். பயன்படுத்தாதபோது மின்சாரம் சேமிக்கும் திறனுடையது என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பட்டனைக் கொடுத்து ஆயிரம் தடவை அமுக்கச் சொன்னார்கள். எழுநூற்றுச் சொச்சத்தில் கட்டைவிரல் வீங்கியது.

"வலிக்குதுங்க."

"உறுப்புகள் அப்படிச் சொல்றதில்லை," என்றார் அவர் கண்டிப்பாக.

தேறிவிட்டாள். ஆனால் முத்திரை எளிதில் நீக்க இயலாதவாறு பதிக்கப்பட வேண்டும் என்பது விதி. ரிவிட் அடிக்க ஆள் வந்தான். பெர்மெத் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு சலுகை பிறந்தது: மணிக்கட்டில் இரும்புக் கம்பி, அதில் தகடு, கம்பியின் முடிச்சில் ஈயச் சீல். இரண்டு வாரம் அவள் தலைகுனிந்துதான் தெருவில் நடந்தாள், கையை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு.

மூன்றாவது வாரம் ஒரு விருந்தில் கை வெளியே வந்துவிட்டது.

"என்னடி அது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அரசாங்க முத்திரை. நான் பாதுகாப்பானவளாம்."

பந்தி முழுக்க அவள் பக்கம் திரும்பியது. அதுவரை வாசலருகே உட்கார்ந்திருந்தவளை எழுப்பி, மேல்வரிசையில், பெரியவர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். ஆட்டின் நல்ல துண்டு அவள் தட்டுக்கு வந்தது. அவ்வளவுதான், ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. முத்திரையகத்தின் முன்னால் வரிசை நின்றது. முத்திரை வாங்கிய முடிதிருத்துபவனிடம் மட்டுமே ஆண்கள் தலையைக் கொடுத்தார்கள். பஜாரில் போலித் தகடு வந்தது. அசலைவிட அது பளபளப்பாக இருந்தது. பெர்மெத்தின் மகள் மீரிமுக்கு இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த சம்பந்தம், "முத்திரை உள்ள வீடு" என்ற ஒரே காரணத்தால் கூடிவந்தது. பையன் வீட்டார் நாள் குறிக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெர்மெத் இப்போது கையை அங்கிக்கு வெளியேதான் வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் தண்ணீர் எடுக்க முற்றத்துக்குப் போயிருந்தாள். அந்தப் பத்துப் பெண்களில் ஒருத்தியான ஊல்கான் தட்டை எடுக்கக் குனிந்தபோது அவள் தலைத்துணியின் முனையைச் சங்கிலி பிடித்துக்கொண்டது.

சிவப்பு பட்டனுக்கு ஒரு கை தூரத்தில் ஜோல்தோஷ்பெக் நின்றிருந்தான். அவன் கை எழுந்தது, பாதியில் நின்றது.

"பெர்மெத் அக்கா!" என்று அலறினான். "ஓடி வாங்க! எனக்கு முத்திரை இல்லையே!"

வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அமுக்கினாள். துணியும் ஒரு பிடி முடியும் சங்கிலியில் போயிருந்தன. ஊல்கானின் கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு. அவள் தரையில் உட்கார்ந்து மூச்சை எண்ணி எண்ணி இழுத்தாள். பெர்மெத் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். "நீ ஏன்டா அமுக்கல, பாவி?" என்று கேட்டாள்.

"நான் அமுக்கினா முத்திரை ரத்தாயிடுமே அக்கா," என்று அழுதான் அவன். அவன் நிஜமாகவே அழுதான்.

மறுநாள் சொவெத்பெக் உசோனொவிச் விசாரணைக்கு வந்தார். ஊல்கானின் கழுத்தைப் பார்க்கவில்லை; பெர்மெத்தை மறுபடி முற்றத்திலிருந்து ஓடிவரச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தார். பதினேழாம் உறுப்பு பதினொரு நொடியில் இயங்கியது, இது நாட்டுக்கே முன்னுதாரணம் என்று அறிக்கை எழுதினார். பெர்மெத்தின் கையைக் குலுக்கினார். மற்றப் பத்துப் பெண்களுக்கும் முத்திரை தரச் சிபாரிசு செய்வதாக அறிவித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஊல்கானும் தட்டினாள்.

அவர் போனதும் பெர்மெத் ஒரு பழைய தகரத் தட்டையும் நாலு போல்ட்டையும் எடுத்துவந்தாள்.

"என்ன அக்கா செய்றீங்க?"

"சங்கிலிக்கு மூடி போடறேன். அரை மணி நேர வேலை. பிடிங்க இப்படி."

யாரும் பிடிக்கவில்லை.

"மூடி போட்டா வேற இயந்திரம் ஆயிடும்ல," என்றாள் ஒருத்தி. "எங்க முத்திரை என்னாகுறது?"

"ஊல்கான், நீயாவது சொல்லுடி!"

ஊல்கான் கழுத்தைத் தடவிக்கொண்டாள். "எனக்குப் பேர் பதிஞ்சாச்சு அக்கா. அடுத்த வாரம் பரிசோதனை." பிறகு மெதுவாகக் கேட்டாள். "உங்க முத்திரையும்தானே போயிடும்? மீரிம் கல்யாணம்?"

பெர்மெத் தகரத்தைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் தகடு ஆடிக்கொண்டிருந்தது. பையன் வீட்டார் சனிக்கிழமை வருகிறார்கள். தகரத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "கத்தரிக்கோல் எங்கடி?" என்றாள்.

அன்று பதினொரு பெண்களும் தலைத்துணியின் முனையில் ஒரு சாண் வெட்டிக்கொண்டார்கள். சங்கிலிக்கு எட்டாது. வேலை தடையின்றி நடந்தது. சனிக்கிழமைக்குள் தொக்மோக் பஜாரில் நீளத் துணியைக் கேட்பார் இல்லை. குட்டைத் துணிதான் நாகரிகம் என்றாகிவிட்டது. சொவெத்பெக் உசோனொவிச்சின் மனைவியும் இரண்டு வாங்கிப் போனாராம்.

பெர்மெத் மட்டும் தன்னுடையதில் இன்னொரு சாணும் வெட்டியிருந்தாள். சம்பந்தி வீட்டார் முன்னால் பட்டிக்காடாகத் தெரியக்கூடாதல்லவா?