டிரிப் விழாத வீடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இனிமேலும் நலமாக இருப்போம் என்று உங்களை நம்பவைக்கவே இந்தக் கடிதம்.

வீடியோ அழைப்பில் என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றும், அதில் வேறொன்றும் சொருகியிருந்ததை உங்கள் மனைவி பார்த்துவிட்டாள். (கோபமில்லாத நாட்களில் அவள் என் மகள்.) "அந்த வயரெல்லாம் போற வரைக்கும் பிள்ளையைத் தூக்கிட்டு அங்க வரமாட்டேன்ப்பா" என்றாள். பேரன் தவழவே ஆரம்பித்துவிட்டான். நான் இன்னும் அவனை ஃபோனில்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். ஹால் சாக்கெட்டிலிருந்து பின்னறைக்கு அந்த வயர் போன வழியில் கிடந்த பாயைத் தூக்கினார். அடியில் வயர் உருகி ஒட்டியிருந்தது.

"இதுல என்ன சார் ஓட்டினீங்க?"

ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி என்றேன்.

"ரெண்டும் ஒண்ணாவா?"

ஃபேனும் சேர்த்துத்தான் என்றேன்.

"ஆயுசு கெட்டி சார் உங்களுக்கு" என்றார். நன்றி சொன்னேன்.

மெயினை அணைத்து, பின்னறைக்குத் தனி லைன் இழுத்து, எர்த்தோடு சாக்கெட் வைத்து, குழந்தை விரல் விடாதபடி மூடி போட்டு, கரண்ட் கசிந்தால் தானே அணைகிற டிரிப் சுவிட்ச் ஒன்றையும் அந்த லைனுக்கு மட்டும் மாட்டினார். அன்று மாலையே உங்கள் அத்தை இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள், டிரிப் விழுந்தது, ஏற்றினேன், விழுந்தது, மறுபடி ஏற்றினேன், மறுபடி விழுந்தது, ஆளைக் கூப்பிட்டுக் கேட்டா "பெட்டிதான் சார் கோளாறு, தூக்கிப் போடுங்க"ங்கறார், எங்க கல்யாணத்துக்கு வாங்கின பெட்டி மாப்பிள்ளை, தொட்டா லேசா சுருக்குன்னு இழுக்கும், அது அதோட சுபாவம்னு நாங்களும் அனுசரிச்சுப் போறோம், நேத்து வந்த சுவிட்ச் அதைக் குத்தம் சொன்னா எப்படி?

போகட்டும். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து டிரிப் ஒருமுறைகூட விழவில்லை. பின்னறையில் பேரனுக்குக் கட்டில் போட்டாயிற்று. ஞாயிறன்று தயங்காமல் புறப்பட்டு வாருங்கள்.

மூவரும் குறைவின்றி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை. கடிதத்தை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்தார். டிரிப் ஏன் விழலைன்னா, இவர் இஸ்திரிப் பெட்டியை டிரிப் இல்லாத பழைய ஹால் சாக்கெட்டுக்கே மாத்திட்டார். பரணில் போட்ட அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையெல்லாம் எடுத்து, உருகின இடத்துல டேப் சுத்தி, பின்னறை வரைக்கும் இழுத்திருக்கார். பாய்க்கு அடியில இல்லை, பேரன் கட்டிலுக்கு அடியில. புது சாக்கெட் சும்மா இருக்கு, தேஞ்சுபோகக் கூடாதாம். நீங்க யாரும் வராதீங்க. ஞாயித்துக்கிழமை நானே பஸ் ஏறி அங்க வர்றேன். இவர் இங்கயே இருக்கட்டும். கிளம்பும்போது மெயினை அணைச்சுட்டு வந்துடறேன்.