வர வேண்டியதெல்லாம் வந்தது

சலாத்திகா,
புதன்கிழமை, கடை திறக்குமுன்.

லாம்புங்கில் வாழும் மரியாதைக்குரிய வர்சியா அக்கா அவர்களுக்கு, தம்பி பொனிமின் உங்கள் முழங்காலில் நெற்றி வைத்து எழுதுவதாக எண்ணிக்கொள்ளவும். ஸலாம். இங்கே நானும் என் வீட்டுக்காரி முர்யாத்தியும் மகள் நிங்கும் ஆண்டவன் கருணையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். அத்தானின் முதுகுவலி மட்டும் சுகமில்லாமல் போய்ச் சேரட்டும்.

போன நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய நாலு ஜாடி தெம்போயாக் மிக அருமை. டுரியான் பழத்தை இப்படிப் புளிக்க வைக்க ஜாவாவில் யாருக்கும் கைவராது. ஜாடியைத் திறந்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டே நாளில் நாலும் காலி. இந்த வருஷம் எட்டு ஜாடி அனுப்பப்போவதாக போனில் சொன்னீர்கள். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனைக் காதில் வைத்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்கிறது. கடிதம் என்றால் கை கொஞ்சம் யோசிக்கும்.

முதலில் நீங்கள் கேட்ட கேள்வி. "உன் மக ஊரான் வீட்டுக் கதவையெல்லாம் உடைக்கிறாளாமே, அது என்னடா வேலை?" என்று கேட்டீர்கள். தப்பு என்மேல்தான் அக்கா. கல்யாண வீட்டில் யாரோ கேட்டதற்கு, பெருமையில் நான்தான் அப்படிச் சொல்லி வைத்தேன். விஷயம் இதுதான். ஆணி குத்திய டியூபை நான் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கிறேன் அல்லவா, அதையேதான் அவள் கணினியில் செய்கிறாள். நாலைந்து தேசத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் என் வாயில் நுழையாததால் எங்கள் வீட்டில் அது துளைதேடி. கடைக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் தங்கள் இணையதளத்தைத் துளைதேடியில் அமுக்கிப் பார்ப்பார்கள். குமிழி வரும் இடத்தில் திருடன் நுழைய வழி உண்டு; அவன் வருமுன் அடைத்துக்கொள்ளலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவியின் குடல் எல்லாம் ஊருக்கே திறந்து கிடக்கிறது. யாரும் எடுத்துப் போகலாம், யாரும் கழற்றித் திருத்தலாம். என் பட்டறையை அப்படித் திறந்து போட்டால் மறுநாள் காற்றடிக்கும் எந்திரம் இருக்காது. இவர்களிடமோ வருகிறவர்கள் நாலு சாமானைக் கூட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். பகலில் கம்பெனி வேலை போக மிச்சப் பொழுதெல்லாம் நிங் இதில்தான். பிழை திருத்துவது அவள் பொறுப்பு. பிழையை அவர்கள் பூச்சி என்பார்கள். இதைக் கேட்ட முர்யாத்தி அவள் மேசை இழுப்பறையில் இரண்டு பாச்சை உருண்டை போட்டு வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூன்று வருஷம் பிழை திருத்திய பிறகு, இந்த முறை புதிய பதிப்பை வெளியிடும் பொறுப்பை முதல் தடவையாக நிங்கிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர் யோர்க் என்ற ஜெர்மன்காரர், அந்தக் குழுவின் பெரியவர். பதிப்பு ஒழுங்காக வந்தால் கருவியின் சாவி இனி நிங்கிடமும் ஒன்று இருக்கும். சொதப்பினால் சாவி இல்லை. அந்த ஒரு மாதம் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே நீங்கள். சோயாவில் செய்த டெம்பேயைப் பொரித்துத் தட்டில் வைத்தால் அது தட்டிலேயே ஆறிப் போகும். அவர்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு: பதிப்பு வெளியாகுமுன், குழுவில் இல்லாத ஒருவர், எழுதிக் கொடுத்தபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். நிங் உலகமெல்லாம் தேடிக் கடைசியில் யாரைப் பிடித்தாள் என்று நினைக்கிறீர்கள்? நடுநிலைப் பள்ளியை, அதுவும் கணக்கு வாத்தியார் மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்துத் தாண்டிய உங்கள் தம்பியை.

"அப்பா, இதுல எழுதியிருக்கிறதை அப்படியே செய்யுங்க. நான் ஒரு பொய்க் கடை செஞ்சு வச்சிருக்கேன். அதுல வேணும்னே பன்னிரண்டு ஓட்டை விட்டிருக்கேன். கருவி பன்னிரண்டையும் காட்டணும். அவ்வளவுதான்" என்று தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கடைக் கணினியில், ஸ்பானர் பிடித்த கையால், ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். சோதிப்பவர் பெயர் கேட்டது, கொடுத்தேன். கடையின் விலாசம் கேட்டது, கொடுத்தேன். ஒரு கொட்டாவி நேரத்தில் பச்சை எழுத்தில் பதில் வந்தது: "துளை எதுவும் இல்லை." மறுபடி ஓட்டினேன். மறுபடியும் பச்சை. தாளில் பன்னிரண்டு என்று இருக்கிறது, திரையில் ஒன்றுகூட இல்லை. என் தொழிலில் துளை இல்லை என்பது நல்ல சேதிதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்போது நிங் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம், சைக்கிள் டயர் மாதிரி.

"ஓடுச்சாப்பா?"

"ஓடுச்சும்மா. நல்லா இருக்கு."

"பன்னிரண்டும் வந்துச்சா?"

நம் வீட்டில் நம்மை எப்படி வளர்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும் அக்கா. உழைத்துக் களைத்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. "வர வேண்டியதெல்லாம் வந்தது" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று அப்போது நினைத்தேன். அவள் அதை நம்பி, 'வெளியாள் சரிபார்த்தார்' என்று எழுதிப் பதிப்பை வெளியே விட்டாள்.

இரண்டாம் நாள் பர்மாவிலிருந்து ஒருவர் எழுதினார். தன் ஆஸ்பத்திரியின் தளத்தில் பழைய பதிப்பு ஒன்பது துளை காட்டியது, புதியது ஒன்றும் இல்லை என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தார். யோர்க் ஓட்டிப் பார்த்தார், அவருக்கு எல்லாம் சரியாக வந்தது. பிரேசிலில் ஒரு பெண் ஓட்டினாள், சரியாக வந்தது. நிங் நாற்பது தடவை ஓட்டினாள், நாற்பது தடவையும் பன்னிரண்டு. பிழை இருக்கிறது, ஆனால் யார் கண்ணுக்கும் படவில்லை. நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் காலை, பதிப்பைத் திரும்பப் பெறுவதாகவும் பொறுப்பிலிருந்து விலகுவதாகவும் அவள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்ததை முர்யாத்தி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள். எனக்கு அன்றைக்கு ஒரு டியூப்கூடச் சரியாக ஒட்ட வரவில்லை.

நேரே அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். தைரியம் இல்லை. அதனால் குழுவுக்கு எழுதினேன். பிழையைப் பார்த்தவர் யாரும் எழுதலாம் என்று அவர்கள் தளத்தில் ஓர் இடம் உண்டு. முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்று அது அடம்பிடித்தது. நமக்கு ஏது அக்கா கடைசிப் பெயர்? அப்பா வைத்தது ஒன்றுதான். இரண்டு கட்டத்திலும் அதையே போட்டேன். பிறகு இப்படி எழுதினேன், போன் அதை ஆங்கிலமாக்கியது:

"மதிப்புக்குரிய ஐயன்மீர், அம்மையீர். வேலைக்கு நடுவில் தொந்தரவு தருவதற்கு மன்னிக்கவும். உங்கள் கருவி மிக அழகு. எழுத்து பெரிதாக இருப்பதால் என் போன்ற கண்ணாடிக்காரர்களுக்கு வசதி. பச்சை நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி. பன்னிரண்டு என்பது பெரிய எண்தான்; எப்போதும் பன்னிரண்டு வர வேண்டும் என்று எதையும் வற்புறுத்த முடியாது. குறை சொல்ல நான் யார். உங்கள் குடும்பத்தாரை விசாரித்ததாகச் சொல்லவும்."

இதைவிடக் கடுமையாக நான் யாருக்கும் எழுதியதில்லை. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அரை மணியில் யோர்க் பதில் போட்டார்: "அன்புள்ள பொனிமின் பொனிமின், உங்கள் பாராட்டு இந்தக் கஷ்டமான வாரத்தில் எங்களுக்கு ஆறுதல். பிழை எதுவும் குறிப்பிடப்படாததால் இதை மூடிவிடுகிறேன்." பிரேசில் பெண் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நிங் பட்டறைக்கே வந்துவிட்டாள். நான் தொட்டிக்குள் கையை விட்டபடி தலையைத் தூக்கவில்லை.

"அப்பா, இந்த உலகத்துல பொனிமின் பொனிமின்னு எத்தனை பேர் இருப்பாங்க?"

"இருப்பாங்கம்மா. நல்ல பேருதானே."

"பன்னிரண்டு வந்துச்சா, வரலையா?"

"பன்னிரண்டுன்னு பார்க்கப் போனா..."

"ஒரு எண்ணு சொல்லுங்கப்பா. ஒரே ஒரு எண்ணு."

"பூஜ்யம்."

அவள் பஞ்சர் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னீங்க?"

"உன் முகத்தைப் பார்த்துட்டு எப்படிம்மா பூஜ்யம்னு சொல்றது?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட மட்டும் ஓட்டை இருக்குன்னு கூசாம சொல்றீங்க?"

"டியூபுக்கு மனசு நோகாதே."

காப்பி கொண்டுவந்த முர்யாத்தி சும்மா இருப்பாளா. "முப்பது வருஷமா எனக்கும் இதே கதைதான்டி. குழம்புல உப்பே போடலைன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. இந்த மனுஷன் ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாரு."

நிங் சிரிக்கவில்லை. "எழுந்திரிங்க. அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ அதையே இப்ப என் முன்னால செய்யுங்க" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர், விலாசம், கொட்டாவி, பச்சை: துளை எதுவும் இல்லை. அவள் அதே கணினியில், அதே நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினாள். பன்னிரண்டு. மறுபடி நான். பூஜ்யம். மறுபடி அவள். பன்னிரண்டு.

"கருவிக்கே என்னைப் பிடிக்கலைம்மா" என்றேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, குழுவுக்கு எழுதும்போது பேரை ரெண்டு தடவை போட்டீங்க. இங்க ஏன் ஒரு தடவைதான் போடறீங்க?"

"அங்க திட்டுச்சு, போட்டேன். இங்க திட்டலை."

"இங்கயும் ரெண்டு தடவை போடுங்க."

போட்டேன். பன்னிரண்டு துளையும் ஒவ்வொன்றாகச் சிவப்பில் வந்து இறங்கின. என் வாழ்க்கையில் இத்தனை ஓட்டையைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பர்மாக்காரர் பெயர் என்ன தெரியுமா அக்கா? துன். அவ்வளவுதான், முன்னும் இல்லை பின்னும் இல்லை. ஜெர்மன்காரருக்கு இரண்டு பெயர், பிரேசில்காரிக்கு நாலு பெயர், நம் நிங்கும் திரி வாஹ்யுனிங்சிஹ் என்று இரண்டாகத்தான் இருக்கிறாள். அவர்களில் யார் ஓட்டினாலும் பிழை எப்படிக் கண்ணில் படும்? அறிக்கையின் முகப்பில் போட, கருவி இந்தப் பதிப்பில் புதிதாக இரண்டாவது பெயரைத் தேடியிருக்கிறது. கிடைக்காமல் தடுக்கி விழுந்திருக்கிறது. விழுந்ததால் ஒரு துளையையும் தேடவில்லை. ஆனால் விழுந்தேன் என்று சொல்லாமல், எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, எல்லாம் நலம் என்று பச்சையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

நிங் இதைக் குழுவுக்கு எழுதினாள். யோர்க் உடனே பதில் போட்டார்: "பார்க்க முடியவில்லை என்று சொல்லாமல் எல்லாம் சரி என்று சொல்லும் கருவி, கருவியே இல்லாததைவிட ஆபத்து." நிங் இதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, போனுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. கருவி யார் மாதிரி இருக்குன்னு பார்த்தேன்."

அன்றைக்கே இரண்டு ஒட்டுப் போட்டாள். அவர்களும் அதை ஒட்டு என்றுதான் சொல்கிறார்கள். அது எனக்குப் பெருமை. ஒன்று, ஒற்றைப் பெயர்க்காரரையும் மனிதராக மதிக்க. இரண்டு, இனிக் கருவி தடுக்கி விழுந்தால் விழுந்தேன் என்று சிவப்பில் கத்த. சாயங்காலம் திருத்திய பதிப்பு வெளியே போயிற்று. பர்மாக்காரருக்கு ஒன்பது துளையும் திரும்பக் கிடைத்தன, அடைக்க ஆரம்பித்துவிட்டதாக எழுதினார். விலகல் கடிதத்தை நிங் அழித்தாள். சாவி அவளிடம் இருக்கிறது அக்கா. அன்று ராத்திரி டெம்பே ஒன்பது துண்டு சாப்பிட்டாள், முர்யாத்தி எண்ணினாள். பதிப்போடு வரும் நன்றிப் பட்டியலில் கடைசி வரியில் என் பெயரும் உண்டு. பொனிமின் என்று ஒரே தடவை.

அன்றைக்கு நிங்குக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்: இனிமேல் பூஜ்யத்தைப் பூஜ்யம் என்றே சொல்வேன். அதை உங்களிடமிருந்துதான் தொடங்குகிறேன், மன்னிக்க வேண்டும். தெம்போயாக் விஷயம். தெருவே திரும்பிப் பார்த்தது என்று எழுதினேன், அது உண்மை. எரிவாயு கசிகிறது என்று மூன்று வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். இரண்டே நாளில் காலி என்றேன், அதுவும் உண்மை; பட்டறைக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் குழி தோண்டினேன். அந்த மரம் இந்த வருஷம் காய்க்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நாங்கள் யாரும் ஒரு கரண்டிக்குமேல் சாப்பிட்டதில்லை அக்கா. நான் "நல்லா இருக்கு" என்று சொல்லச் சொல்ல, ஒரு ஜாடி இரண்டாகி, இரண்டு நாலாகி, இப்போது எட்டில் நிற்கிறது. தயவுசெய்து இந்த வருஷம் அனுப்ப வேண்டாம். சொல்லிவிட்டேன். மனசு காற்றடித்த டயர் மாதிரி லேசாக இருக்கிறது.

அத்தானுக்கு என் பணிவான ஸலாம். உங்கள் மிளகுத் தோட்டம் கொடி தெரியாமல் காய்க்கட்டும். உங்கள் முழங்கால்கள் தொழுகைக்கு மடங்கி, வலியில்லாமல் நிமிரட்டும். முர்யாத்தி தனியாக விசாரிக்கச் சொன்னாள்.

தங்கள் தம்பி,
பொனிமின்
(பொனிமின்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லாரிக்காரர் வந்து பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். எட்டு ஜாடி. ஒன்றுகூட உடையவில்லை. மேலே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "முழங்கால் வலியோட நானே மரத்தடியில உட்கார்ந்து பொறுக்கினேன்டா. உனக்குப் பிடிக்குமேன்னு." அக்கா, கடைசித் தாளில் தெம்போயாக் பற்றி எழுதியதைப் படிக்க வேண்டாம். தாளைக் கிழித்துவிடலாம் என்றால் அதன் மறுபக்கம் நிங் டெம்பே சாப்பிட்டது இருக்கிறது. முதல் தாளில் எழுதியதுதான் சரி. மிக அருமை. தெருவே திரும்பிப் பார்க்கிறது. இப்போது நிங் வந்து நின்று, "அத்தைக்கு உள்ளபடி எழுதிட்டீங்களாப்பா? ஜாடி வந்ததையும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். வர வேண்டியதெல்லாம் வந்தது என்று எழுதிவிட்டதாகச் சொன்னேன். அவள் என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.