சுவருக்கு வந்த ஆபத்து

உலகத்துக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுக்கும் மகத்தான பொறுப்பைக் கடைசியில் மட்டாஞ்சேரிதான் ஏற்க வேண்டியிருந்தது. சுக்கும் மிளகும் அடுக்கியிருந்த பழைய கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. அதை வாங்கி, 'மூச்சு மண்டபம்' என்று பெயர் வைத்து, வசதியுள்ளவர்கள் மல்லாந்து படுத்து மூச்சுவிடுவதற்கென்றே புதுப்பித்தார்கள். காக்கநாட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள் இப்போதே இடம் பிடித்துவிட்டார்களாம். பாவம், திங்கள் முதல் வெள்ளி வரை அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை.

அங்கே தரைக்குக் கருங்கல் அறுத்தவன் ஷாஜி. கல்லைத் தூக்கிக் கொடுத்துத் தூசியைப் பெருக்கியவள் அவன் மனைவி பிந்து. மெஷின் ஓடி நின்றதும் அந்த வெள்ளைப் புகைக்குள் புருஷன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள், கண்ணுகளா.

எறணாகுளத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "நெஞ்சில கல்லுப்பொடி படிஞ்சிருக்கு. இனிமே தூசி ஆகாது" என்று சொல்லியிருந்தார். ஷாஜிக்கு வேறு வேலை தெரியாது. அதனால் பிந்து மேனேஜர் சுதீரிடம் போய் நின்றாள்.

"சாரே, ஒரு தண்ணி ஹோஸ் மதி, அது போதும். அறுக்கிற எடத்துல தண்ணி விழுந்துட்டே இருந்தா தூசி கெளம்பாது. இவரு இப்ப உக்காந்தேதான் உறங்குறாரு. படுத்தா மூச்சு கிட்டல."

சுதீர் தங்கமான மனிதர். உடனே 'தூசி நிவாரணக் குழு' அமைத்தார். குழு ஏஸி அறையில் கூடி, சாயாவும் பழம்பொரியும் உட்கொண்டு, தூசியால் பாதிக்கப்பட்டோரை ஆழ்ந்த அக்கறையோடு கண்டறிந்தது. சரவிளக்கு, ஸோபா, சுதீரின் கார். மூவருக்கும் அன்றே உறை மாட்டப்பட்டது.

"அப்போ இவருக்கு?" என்றாள் பிந்து.

"தண்ணி விட்டா சேறாகும் பிந்து. சுவத்துல தெறிச்சா கறை போகாது. பாரம்பரியச் சுவராக்கும். முந்நூறு வயசாச்சு."

"இவருக்கு நாப்பத்தொண்ணுதான் சாரே."

"அதான் சொல்றேன். ஷாஜி சின்ன வயசு. தாங்குவான்."

ஷாஜி துண்டை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். "விடுடி. சுவத்தால இரும முடியாதுல்ல? அதுக்கும் சேர்த்து நான் இருமிக்கறேன்."

தரை பளபளத்தது. திறப்பு விழாவும் வந்தது. மூச்சுப் பயிற்சியாளர் மாளவிகாவுக்கு உருக்கமான யோசனை ஒன்று தோன்றியது. முதல் மூச்சு ஓர் உழைப்பாளியுடையதாக இருக்க வேண்டும்! ஷாஜிக்கு ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள், போட்டோ முடிந்ததும் திருப்பித் தரும்படி. பாரம்பரியச் சுவரின் முன்னே நிற்க வைத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் கருவியையும் தந்தார்கள். குழாயில் வாய் வைத்து மூச்சை இழுத்தால் உள்ளே மூன்று உருண்டைகள் மேலே ஏறும்.

"ரிலாக்ஸ், ஷாஜிச் சேட்டா. பிரபஞ்சத்தையே உள்ளே இழுங்க" என்றாள் மாளவிகா.

ஷாஜி இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. முதல் உருண்டை லேசாகக் குலுங்கி, மறுபடி உட்கார்ந்துகொண்டது. கேமராக்கள் பொறுமையாகக் காத்திருந்தன. இன்னொரு முறை இழுத்தான். பிரபஞ்சம் வரவில்லை.

"மெஷின் கேடு" என்று சிரித்தார் சுதீர்.

"அப்போ சார் இழுத்துக் காட்டுங்க" என்றாள் பிந்து.

கேமரா திரும்பிவிட்டதே, என்ன செய்வார்? வாய்க்குழாயை மாற்றிக்கொண்டு இழுத்தார். மூன்று உருண்டைகளும் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டன. கைதட்டல் எழுந்தது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு!" என்று அறிவித்தார் சுதீர், மிகுந்த நிம்மதியோடு.

அப்போதுதான் ஷாஜிக்கு அடக்கி வைத்திருந்த இருமல் பீறிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். சாம்பல் நிறத்தில் கோழை, நடுவே ஒரு சிவப்புக் கீற்று. எல்லாம் சுவரில் தெறித்தது.

"ஐயோ, சுவர்!" என்று அலறினார் சுதீர். "தண்ணி! தண்ணி கொண்டு வா!"

வாட்ச்மேன் ஓடினான். பச்சை நிறத்தில், பாம்பு போல நீண்ட ஹோஸ் ஒன்று வாசலிலிருந்து வந்து சேர்ந்தது. தரையில் சரிந்த ஷாஜியின் தலையை மடியில் தாங்கியபடி பிந்து அதையே பார்த்தாள்.

"இது எங்கே இருந்தது சாரே?"

"இங்கேயேதான் இருந்தது. கார் கழுவறதுக்கு" என்றார் சுதீர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கவலைப்படாதீர்கள், கண்ணுகளா. உரிய நேரத்தில் தண்ணீர் கிடைத்ததால் சுவர் பிழைத்துக்கொண்டது.