குறையே இல்லாத கல்லு

சரி, அப்போ ஒத்துக்கறீங்கல்ல? பூமியில இதுவரைக்கும் பொறந்த மாப்பிள்ளைங்கள்லயே வைரத்தோட 'தரம்' புரிஞ்சவர் நம்ம மாப்பிள்ளை ஒருத்தர்தான். பதினேழு நாள் லீவு போட்டு வீடியோவா பாத்துத் தள்ளினாரு. கட்டிங், கலர், கிளாரிட்டி, கேரட், நாலையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. கட்டிக்கப்போற பொண்ணு பல் டாக்டர். அவங்களுக்கு எது பிடிக்கும்னு கேட்டாதான் கொஞ்சம் திணறுவாரு. அதுக்கு யாரும் சர்டிபிகேட் தரலையே, பாவம்.

நிச்சயதார்த்த மோதிரம் வாங்க ரெண்டு பேரும் நகைக்கடைக்குப் போனாங்க. அஞ்சே நிமிஷத்துல டாக்டரம்மா ஒரு கல்லைக் காட்டி, "இது நல்லா மின்னுது, எடுத்துக்கலாங்க"ன்னாங்க.

மாப்பிள்ளை லென்ஸைக் கண்ணுல வச்சாரு. கடையே மூச்சை அடக்கிக்கிட்டு நின்னுது.

"உள்ள ஒரு புள்ளி இருக்கு."

"வெறும் கண்ணுக்குத் தெரியாது சார்"னாரு கடைக்காரர்.

"தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

டாக்டரம்மா சிரிச்சாங்க. "நானும் தினம் லென்ஸ் மாட்டிக்கிட்டுதான் வேலை பாக்கறேன். குறையில்லாத வாய் ஒண்ணுகூட பாத்ததில்லை."

"வாய் வேற, வைரம் வேற."

"சரி, எனக்கு ஒண்ணுதான். கல்லு தூக்கி நிக்கக் கூடாது. கையுறை கிழிஞ்சிடும்."

"ம்ம்"னாரு, கண்ணை எடுக்காமலே.

கிளினிக்ல இருந்து போன் வந்துச்சு, டாக்டரம்மா கிளம்பிட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சு இவரு, "இந்த ஓரத்துல கீறல் தெரியுதா, பாருங்க"ன்னாரு.

"அவங்க போய் முக்கால் மணி நேரம் ஆச்சு சார்."

"நல்லது. கவனம் சிதறாது."

கடைசியில மாசு மருவே இல்லாத ஒரு கல்லைப் புடிச்சாரு. நாலு பக்கமும் வெளிச்சம் பாயணும்னு கோபுரம் மாதிரி உசத்திக் கட்டச் சொன்னாரு.

நிச்சயதார்த்தத்தன்னிக்கு உறவுக்காரங்க எல்லாரும் எழுந்து நிக்க, முதல்ல சர்டிபிகேட்டை முழுசா வாசிச்சாரு. அப்புறம்தான் டாக்டரம்மா விரலைப் புடிச்சாரு. மோதிரம் முட்டி தாண்டலை.

"சர்டிபிகேட்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க விரல்லதான் ஏதோ..."

"அளவு யார் விரல்ல எடுத்தீங்க?"

"நீங்கதான் கிளம்பிட்டீங்களே. என் சுண்டுவிரல்ல எடுத்தேன்."

டாக்டரம்மா மோதிரத்தை வாங்கி, பதமா அவரு சுண்டுவிரல்லயே போட்டுவிட்டாங்க. வழுக்கிக்கிட்டு உள்ள போய் அச்சா உக்காந்துச்சு. "ரொம்பப் பொருத்தம். ரெண்டு பேரும் நல்லா இருங்க"ன்னு சொல்லிட்டு, கைப்பையை எடுத்துக்கிட்டுப் போயே போயிட்டாங்க.

மாப்பிள்ளை இன்னும் விரலை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டுதான் இருக்காரு. குறைன்னு எதுவுமே கண்ணுல படலையாம். நீங்களே சொல்லுங்க, அன்னிக்கு அவரு யாரை நிச்சயம் பண்ணிக்கிட்டாரு?